ஐஸ் பெட்டிக்கு விழுந்த லைக்

ஊரே பேஸ்புக்கில் வியாபாரம் பண்ணும்போது நாம் மட்டும் பின்தங்கக்கூடாது என்று என் வீட்டுக்காரர் நல்லகாமன் முடிவெடுத்தார். காளவாசலில் எங்களுக்குப் புடவைக் கடை இருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். நாங்கள் வாடகைக்கு விடுவது இறந்தவர்களைக் கிடத்தும் ஐஸ் பெட்டி.

முன்பெல்லாம் பூக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு என்று நடந்து சொல்லி வைப்பார். துக்க வீட்டிலிருந்து போன் வரும். பேஸ்புக் வந்ததும் நடை நின்றது. போனும் நின்றது. கூடத்தில் சும்மா கிடந்த பெட்டியின் மேல் நான் துணி மடித்தேன். அவர் தினமும் பெட்டிப் படத்தோடு 'இனிய காலை வணக்கம்' போட்டார். என் சொந்த அண்ணனே அவரை பிளாக் பண்ணிவிட்டான்.

கடைசியில் என் சங்கிலிக்கு வந்தார். அடகு வைத்து விளம்பரம் கொடுக்கணுமாம்.

"பேஸ்புக்கப் பாத்துட்டு ஒரே ஒருத்தர் பெட்டி கேட்டுக் கூப்பிடட்டும், கழட்டித் தாரேன். இல்லாட்டி அத மூடிட்டுப் பழையபடி நடக்கணும்" என்றேன்.

"சரிடி. ஒரு வீடியோ போடுறேன், பாரு. நீ உள்ள படு."

"நானா?"

"சும்மா நடிப்புத்தான்."

"உங்க முகத்துல இருக்கிற களை எனக்கு ஏதுங்க? நீங்க படுங்க, நான் எடுக்கிறேன்."

முகத்தைச் சொன்னால் மனுஷன் உருகிவிடுவார். வெள்ளை வேட்டி கட்டி, பவுடர் பூசிப் படுத்தார்.

"கண்ண மூடுங்க."

"மூடிட்டேன். எப்படியிருக்கு?"

"அம்சமா இருக்கு. பேசாதீங்க."

"மேல ஏதாச்சும் எழுதணும்டி."

"எதுக்கு? பாக்குறவங்களுக்கே புரியும்."

அப்படியே போட்டுவிட்டேன். புரிந்தது. வருஷக்கணக்காக வாசல் மிதிக்காதவர்களெல்லாம் அழுகிற முகம் போட்டார்கள். அன்றைக்குத்தான் அவரை எல்லாருக்கும் பிடித்திருந்தது. எழுமலையிலிருந்து அவருடைய அக்கா வேன் பிடித்து, மாரில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினார். தம்பி உட்கார்ந்து இட்லி தின்பதைப் பார்த்ததும் கொண்டுவந்த மாலையாலேயே அடித்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டி வியாபாரத்துப் போன் அடித்தது. அவர் துள்ளி எழுந்தார்.

"பேஸ்புக்கப் பாத்துட்டுத்தான்டி! கழட்டு சங்கிலிய! நீயே பேசு, உன் காதாலயே கேளு."

ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, கோரிப்பாளையம் ஐஸ் பெட்டி பாண்டிராஜ் பேசுறேன். அண்ணே தவறிட்டாருன்னு பேஸ்புக்ல பாத்தேன். உங்க பெட்டி பழசு, கூலிங் நிக்காது. நம்மகிட்ட புதுசு இருக்கு. அனுப்பவா?"

சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு, வாடகை எம்புட்டு என்று கேட்டு வைத்தேன்.