ரெண்டு பூட்டு

இனிமேல் எங்கள் வீட்டில் யாரும் அழக்கூடாது என்று முடிவு செய்தேன். யாரும் என்றால் கலா. இருப்பதே நாங்கள் இருவர்தான். நான் அழுவதில்லை. கண்ணில் தவிட்டுத் தூசு விழும், அது வேறு. ரைஸ்மில்லில் மோட்டார் பார்ப்பவனுக்கு அந்த ஒரு வசதி உண்டு.

அழுகைக்குக் காரணம் ஒரு லேப்டாப். எங்கள் பையன் தமிழரசன் பிளஸ் டூ படித்தபோது பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. போன வருஷம் வாலாஜாபாத் ரோட்டில் பைக்கில் போனவன், போயேவிட்டான். லேப்டாப் இருக்கிறது. திறந்தால் இரண்டு பெயர் காட்டும், விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் ஒன்று. வேண்டியதற்குள் போய்க்கொள்ளலாம். இதற்கு டூயல் பூட் என்று பெயர். கலாவுக்கு அது ரெண்டு பூட்டு.

லினக்ஸ் பக்கத்தில் அவன் விளையாட்டாக ஒன்றைப் பதிந்து வைத்திருந்தான். காலையில் கலா அவனைத் திட்டி எழுப்பும் குரல். "எழுந்திரிடா எருமை! சூரியன் மூஞ்சிமேல வந்து குந்திக்கினு கீது!" கடைசியில் அவன் சிரிப்பு. "யம்மா, இன்னொரு தபா சொல்லு."

தினமும் சாயங்காலம் கலா அதைப் போடுவாள். அவன் கேட்டதும் இவள் நிஜமாகவே இன்னொரு தபா திட்டுவாள். பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள், திட்டு எனக்குத்தான் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள். அப்புறம் கலா அழுவாள். சாப்பிடமாட்டாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஆகவே திட்டம் போட்டேன். அழிக்க மனம் வரவில்லை, ஒளித்தால் போதும். கலா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, அவன் செய்வதைப் பார்த்த நினைப்பில் எஃப் டூ பொத்தானை அமுக்கி, செட்டிங்கில் லினக்ஸைக் கீழே தள்ளினேன். விண்டோஸ் மட்டும் சமர்த்தாக வந்தது.

சாயங்காலம் கலா திறந்தாள்.

"இன்னாங்க, ஒரு பூட்டுதான் தொறக்குது?"

"பழசாயிடுச்சி. போனா போவட்டும், வுடு."

"எது போனா போவட்டும்?"

அவள் அழவில்லை, திட்டவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அழுகையே தேவலை என்று ஆகிவிட்டது.

விடிந்ததும் பழையபடி மாற்றப் போனேன். எதை எங்கே தள்ளினேன் என்று நினைவில்லை. 'லெகசி' என்றொரு சொல் இருந்தது. போனில் பொருள் தேடினேன். இறந்தவர் விட்டுச் சென்றது என்று காட்டியது. நான் தேடுவதும் அதைத்தானே? அமுக்கினேன்.

இரண்டுமே படுத்துவிட்டன. கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மில்லுக்குப் போகவில்லை. அணைத்தேன், போட்டேன். தட்டினேன், திட்டினேன். மோட்டாராக இருந்தால் இதற்குள் பயந்து ஓடியிருக்கும். கடைசியில் கெஞ்சினேன்.

"தமிழு, வாடா. அப்பா தெரியாம பண்ணிட்டேன்டா. ஒரே ஒரு தபா வாடா, தமிழு."

சொக்கம்மாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, தமிழ் வரலியா?"

"வரல."

"இங்கிலீசாவது வருதா?"

"ஒண்ணும் வரல, சொக்கம்மா."

"எங்க வூட்டு போன்லகூட தமிழ் வராம ஒரே பேஜார். ஆஃப் பண்ணிட்டு கம்முனு வுடு. தன்னால வந்துடும்."

"தன்னால வராது," என்றேன். அதற்குமேல் அவளைப் பார்க்க முடியவில்லை.

மறுநாளும் அதே கறுப்பு, அதே கெஞ்சல். மத்தியானம் கலா வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நவுரு."

உட்கார்ந்தாள். எஃப் டூ. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

எனக்கு வாய் மூடவில்லை.

"யார் கத்துக்குடுத்தது?"

"அவன்தான். அப்புறம் சோறு துண்ணாம இத்தையே நோண்டிக்கினு இருப்பான். நான் லினக்ஸ ஒளிச்சி வெச்சிடுவேன். துண்ணு முடிச்சாதான் எடுத்துக் குடுப்பேன்."

"அப்ப, நான் ஒளிச்சது?"

"அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தியா? வேலைக்குக்கூட போவாம அல்லாடிக்கினு கெடந்தேனே! ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

கலா முந்தானையால் திரையைத் துடைத்தாள். நிதானமாக, முகம் துடைக்கிற மாதிரி.

"அவன் போனதுலேர்ந்து நீ அவன் பேர வாயால சொன்னதே இல்ல. நான் சொன்னாக்கூட எழுந்து வெளிய பூடுவ. ரெண்டு நாளா கதவாண்ட நின்னு கேட்டுக்கினு கீறேன். தமிழு, தமிழுன்னு எத்தினி தபா கூப்ட்ட."

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். கால் வரவில்லை.

அவள் தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தாள். தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டாள்.

"வயிறார துண்ணு," என்றாள். "நாளைக்கும் இது கெட்டுப்போவும்."