வண்டியே இல்லாத வண்டி

ஒரு காட்டில், காடு என்றால் நடுவே தார்ச்சாலை போட்ட காடு, மாசிலாமணி என்றோர் ஆமை இருந்தது. ஒரு வாய் தண்ணீர் வேண்டுமென்றாலும் சாலையைத் தாண்டிக் குட்டைக்குப் போக வேண்டும். தாண்ட அரை மணி நேரம் ஆகும். அதற்குள் முயல்கள் மின்சார ஸ்கூட்டரில் சத்தமே இல்லாமல் பறந்து வரும்.

ஒருநாள் ஒரு முயல் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. மல்லாந்து கிடந்த ஆமை, வேறு யாராவதாக இருந்தால் உதவிக்குக் கத்தியிருப்பார்கள், வானத்தைப் பார்த்தபடியே, ஸ்கூட்டர்கள் மெதுவாகப் போக வேண்டும் என்று மனசுக்குள் ஒரு மனு எழுதி முடித்தது. தன் மனுக்களைப் பற்றி அதற்கு அப்படியொரு கர்வம்.

போக்குவரத்து அதிகாரியான காட்டெருமை மனுவை வாங்கிக்கொண்டது. கமிட்டி கூடியது. விதியும் வந்தது: மெதுவாகப் போகும் ஸ்கூட்டர் வண்டிக் கணக்கில் வராது, அதற்கு நம்பரும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். முயல்கள் அன்றைக்கே 'மெதுவாகப் போவது' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு முன்னைவிட வேகமாகப் பறந்தன.

மறுவாரம் மாசிலாமணி மறுபடி மல்லாந்தது. ஓட்டில் விரிசலோடு ஆபீசுக்குப் போனது.

"ஐயா, ஸ்கூட்டர் இடிச்சிருச்சுங்க."

"ஸ்டிக்கர் ஒட்டினதா?"

"ஆமாங்கய்யா."

"அது வண்டியே இல்லையே பெரியவரே. இல்லாத வண்டி உம்மை எப்படி இடிக்கும்? நீரேதான் மல்லாந்திருக்கீரு" என்றது காட்டெருமை.

பொதுச்சாலையில் மல்லாந்து இடைஞ்சல் செய்ததாக ஆமை மேல் வழக்கு. மனுவில் முகவரியை முத்து முத்தாக எழுதியிருந்ததால் நோட்டீஸ் மறுநாளே வீடு தேடி வந்தது. ஒரு மாதம் சாலையில் நடக்கக் கூடாதாம்.

அதுவோ கோடை. மூன்றாம் நாள் நாக்கு ஒட்டிக்கொண்டது. தன் மனுவை நினைத்து ஆமைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நோட்டீஸை இன்னொரு தடவை படித்தது. நடக்கத்தானே கூடாது? இடித்த முயலிடமே போய்ப் பல்லைக் காட்டி ஸ்கூட்டரை இரவல் வாங்கியது.

அப்பா, என்ன வேகம்! பாதி வழியில் 'டக்'கென்று ஏதோ தட்டியது. திரும்பிப் பார்த்தால் ஒரு நத்தை உருண்டு கிடந்தது.

"ஓரமாப் போகத் தெரியாதா உனக்கு?" என்று கத்தியது மாசிலாமணி.

கத்தியதும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தாகமாகவும் இருந்ததே. வண்டியை நிறுத்தவில்லை.

நீதி: சாலையில் பத்திரமாக இருக்க விரும்புகிறவர்கள் இடிக்கிற பக்கம் இருக்கவும்.