கதவைச் சாத்திப் பார்த்தீங்களா?

இனி இந்த வீட்டில் யாருக்கு எது வேண்டுமானாலும் எழுத்தில்தான் கேட்க வேண்டும் என்று சேதுபதி அறிவித்தார். காரணம் கோபம். ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேக்கா சந்தைக்கு மீன் வாங்க அனுப்பியிருந்தாள் மனைவி வைதேகி. மனுஷர் வழியில் ரோச்சோர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் கடைக்குள் நுழைந்து, மீனை மறந்து, மூன்று வெள்ளைப் பெட்டிகளோடு செங்காங் வீட்டுக்குத் திரும்பினார். வைஃபை பெட்டிகள். இனி மூலை முடுக்கெல்லாம் சிக்னல் வரும், குண்டுக்குப் பதுங்கும் பாம் ஷெல்டருக்குள்கூட வரும் என்றார். அவள் கேட்டது ஒரே கேள்வி: இதில் குழம்பு வைக்க முடியுமா? அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சேதுபதி ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ப்ராஜெக்ட் மேனேஜர். தினமும் காலையில் பதினான்கு பேர் திரையில் அவர் முன்னால் நின்று, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம் என்று ஒப்பிப்பார்கள். ஆபீஸில் பதினான்கு பேர் கேட்கிறார்கள், வீட்டில் ஒருத்தி கேட்க மாட்டேன் என்கிறாள். அப்படியென்றால் கோளாறு வீட்டு நிர்வாகத்தில்தான் இருக்க வேண்டும். தன்னிடம் இருக்கலாம் என்பது அவர் தலையில் உதிக்கவே இல்லை. அப்படி உதிக்கிற தலைகளை யாரும் மேனேஜர் ஆக்குவதில்லை.

திங்கட்கிழமை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் தொங்கியது. ஏழு விதிகள். குறை எதுவானாலும் போனில் டிக்கெட், அதாவது புகார்ச் சீட்டு, போட வேண்டும். காலை எட்டரைக்கு நின்றபடியே கூட்டம். டிக்கெட்டை ஏற்பதும் தள்ளுவதும் மேனேஜர் இஷ்டம். ஏழாவது விதியை ஆபீஸ் தாளிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினார். படிக்கவில்லை.

வைதேகி படித்தாள். அவள் பிழைப்பே அதுதான். வேறொரு நிறுவனத்தில் டெஸ்டர். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆண்கள் சத்தியம் செய்கிற பொருளில் எது சரியில்லை என்று கண்டுபிடிப்பவள். அவளுக்கும் பன்னிரண்டு வருஷ அனுபவம், அவருக்கும் பன்னிரண்டு. இருவருக்கும் வீட்டிலிருந்தேதான் வேலை. ஆனால் வீட்டில் கதவுள்ள வேலை அறை ஒன்றுதான், அது அவருக்கு. அவளுக்குச் சாப்பாட்டு மேஜை. எதிரே குக்கர். பின்னால், மேலே ஆபீஸ் சட்டையும் கீழே கைலியுமாக டீ கலக்க வரும் கணவர். ஒரு தடவை வீடியோ கூட்டத்தில் ஜெர்மனிக்காரர் ஒருவர், பின்னால் போகிறவர் யார் என்று விசாரித்தே விட்டார். வாடகைக்கு இருக்கிறார் என்று சொல்லிச் சமாளித்தாள்.

அவள் போட்ட முதல் டிக்கெட்: வியாழன் காலை பத்திலிருந்து பதினொன்று வரை அறை வேண்டும். டீம் லீட் பதவிக்கு நேர்காணல்.

போன வருஷமும் இதே நேர்காணல் வந்தது. அவள் முக்கியமான பதிலின் நடுவில் இருந்தபோது குக்கர் கூவியது. எதிரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுப் பொறுப்பு அதிகமோ என்று பரிவாகக் கேட்டார்கள். பதவி, வீட்டில் கதவு வைத்திருந்த ஒருவனுக்குப் போனது.

சேதுபதி டிக்கெட்டைப் பார்த்தார். 'முன்னுரிமை: குறைவு' என்று எழுதித் தள்ளிவிட்டார். வியாழன் பத்து மணிக்குத்தான் அவருடைய வாராந்தரக் கூட்டம், பெரிய மேலாளர் ஜைனப்பே வருவார். மறுநாள் காலைக் கூட்டத்தில், இரண்டே பேர் நின்ற கூட்டத்தில், பேச்சு சூடானது.

"ஒரு மணி நேரம்தானே கேக்கிறேன். ஒரு நாள் நீங்க வெளிய உக்காந்தா என்ன?"

"வெளியவா? என் டீம் முழுக்க பார்க்கும் லா. பின்னாடி துணி காயுது."

"என் டீமும்தான் பார்க்குது. ஆறு வருஷமா பார்க்குது. உங்க ஜட்டி எத்தனைன்னு ஜெர்மனிக்காரனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் மானம் மரியாதை கிடையாதா?"

சேதுபதிக்குச் சுர்ரென்று ஏறியது. மேனேஜர் கோபத்தைக் காட்டக் கூடாது, தீர்வைக் காட்ட வேண்டும். காட்டினார். சமையலறைப் பக்கத்தில் பாம் ஷெல்டர் இருக்கிறதே. வீவக என்கிற அரசாங்க வீடமைப்புக் கழகம் கட்டும்போதே போட்டுக் கொடுத்த கனத்த இரும்புக் கதவு, கான்கிரீட் சுவர். குண்டு விழுந்தால் மனிதர்கள் ஒளிவதற்கு. அதுவரை அரிசி மூட்டை ஒளிந்துகொண்டிருக்கிறது. சத்தம் உள்ளே வராது. சிக்னல் இப்போது வருகிறது.

"வராது," என்றாள்.

"வருது. நானே உள்ள நின்னு போன்ல பார்த்தேன்."

வைதேகி அவரை ஒரு விநாடி உற்றுப் பார்த்தாள். இரண்டாவது டிக்கெட் போட்டாள்: பாம் ஷெல்டரில் சிக்னல் இல்லை. அவர் அடியில் எழுதினார்: குறை இல்லை. என் போனில் வருகிறது.

வியாழன் எட்டரைக் கூட்டத்துக்கு அவள் ஃபிரிட்ஜ் தாளோடு வந்தாள். ஏழாவது விதியை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். குறை இல்லை என்று சொல்பவர், அதே இடத்தில், அதே வேலையைத் தானே செய்து காட்டி நிரூபிக்க வேண்டும்.

"யார் எழுதினது இது?" என்றார் சேதுபதி.

"நீங்கதான். கீழ கையெழுத்துகூட இருக்கு."

பின்வாங்கினால் பெட்டிகள் தண்டம் என்று ஆகிவிடும். மீன் பேச்சு திரும்ப எழும். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மடிக்கணினியையும் பிளாஸ்டிக் முக்காலியையும் தூக்கிக்கொண்டு ஷெல்டருக்குள் போனார். வைதேகி அறைக்குள் போனாள். போகும்போது, அடுப்பில் பருப்பு இருக்கிறது, மூன்று விசில் வந்ததும் அணைத்துவிடுங்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஆறு வருஷமாக அவள் கூட்டத்தின் நடுவே எழுந்து போய் அணைத்த அதே அடுப்பு.

அவரும் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார். பதினான்கு முகங்கள் வந்தன. ஜைனப் வந்தார். ஜைனப்பின் வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றது. சிக்னல் செத்துவிட்டது.

கதவை ஒரு சாண் திறந்தார். ஜைனப் உயிர் பெற்றார். கூடவே குக்கர் கூவியது. பதறிச் சாத்தினார். ஜைனப் உறைந்தார். திறந்தார். இரண்டாவது விசில். இப்படியே கதவோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, தலைக்குப் பின்னால் அரிசி மூட்டையும் கழிவறைக் காகிதக் கட்டும் பளிச்சென்று தெரிந்தன.

"சேது, எங்க இருக்கீங்க?" என்றார் ஜைனப். தமிழில் கேட்டார், அதுவும் மெதுவாக. "வீட்ல ஏதும் பிரச்சினையா? வெளிய துரத்திட்டாங்களா?"

மூன்றாவது விசில். மடிக்கணினியை அரிசி மூட்டைமேல் சாய்த்துவிட்டு, கதவை அகலத் திறந்து அடுப்புக்கு ஓடினார். மேலே சட்டையும் கீழே நீலக் கட்டம் போட்ட கைலியுமாக அவர் ஓடியதைக் கேமரா கடைசிவரை காட்டியது. பதினான்கு பேர் மைக்கை அணைத்துக்கொண்டார்கள். சிரிப்பதற்கு.

பதினொன்று ஐந்துக்கு வைதேகி வெளியே வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, தொடங்கிய வாக்கியங்களை எல்லாம் முடித்திருக்கிறாள். முடிவை நாளை சொல்கிறார்களாம், ஆனால் இப்போதே கை கொடுக்காத குறையாகப் பேசினார்களாம். சேதுபதி கத்துவதற்கு வாயைத் திறந்தார். அவள் பேனாவைத் திறந்தாள்.

"ஷெல்டர்ல சிக்னல் வந்துச்சா?"

வரவில்லை என்று சொல்லலாம். சொன்னால், அவள் சொன்னது சரி என்று ஆகும். அதைச் சாகும்வரை கேட்க வேண்டும். அதற்கு உறைந்த ஜைனப்பே தேவலை.

"வந்துச்சு. பிரமாதமா வந்துச்சு."

"கதவைச் சாத்திப் பார்த்தீங்களா?"

"சாத்தித்தான் பார்த்தேன்."

"சத்தம்?"

"ஒரு சத்தமும் இல்ல. நீதான் சும்மா ஊதிப் பெருசாக்குறே."

அவள் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். அன்று முழுக்க சேதுபதி வெற்றி வீரராக நடமாடினார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவளுக்குப் பதவி உறுதியானது. சாயங்காலம் அவர் உடற்பயிற்சிக்கூடம் போய்த் திரும்பியபோது, அவருடைய சுழல் நாற்காலி, திரை, பெயர்ப்பலகை எல்லாம் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. இரும்புக் கதவில் ஒரு தாள். 'மேனேஜர் அறை. சிக்னல் முழுமை. சத்தம் இல்லை. கதவைச் சாத்திச் சோதிக்கப்பட்டது. சோதித்தவர்: சேதுபதி.'

அவர் வேலை அறைக் கதவைப் படபடவென்று தட்டினார். இது அநியாயம், இது அராஜகம், இப்போதே பேசித் தீர்க்க வேண்டும் என்றார். உள்ளேயிருந்து வைதேகியின் குரல் வந்தது.

"டிக்கெட் போடுங்க."

போட்டார். ஷெல்டருக்குள் போய், கதவை அறைந்து சாத்திக்கொண்டு, பக்கம் பக்கமாக, கோபம் தீர எழுதி அனுப்பினார்.

போகவில்லை. சிக்னல் இல்லை.