செயலாளர் போட்ட பூட்டு

பணிமனைச் சங்கத்துக்குப் பதினாறு வருஷமாக அவர்தான் செயலாளர். தீர்மானம் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டிலோ, ஞாயிறு மத்தியானம் ஊரே குறட்டை விடும்போது செயலாளர் மட்டும் நின்று பாத்திரம் தேய்ப்பார். "நான் சமைக்கிறேன், நீங்க தேய்ங்க" என்று மனைவி என்றோ போட்ட ஏற்பாடு. மனைவி பள்ளிக்கூட டீச்சர். போட்டால் போட்டதுதான்.

அந்த ஞாயிறு காலை, கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு புது விளையாட்டோடு வந்தாள். ஆளுக்கு ஒரு விதியாக மாறி மாறிச் சொல்லலாம். மூவரில் இருவர் கை தூக்கினால் நிறைவேறும். அப்புறம் வீடே அதன்படி நடக்க வேண்டும். ஓட்டு எண்ணும் விதியைக்கூட மாற்றலாம்.

செயலாளருக்கு வாயெல்லாம் பல். "உன் துணியெல்லாம் இனிமே நானே மடிக்கிறேன்" என்று மகள் காதைக் கடித்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"ஞாயித்துக்கிழமை யார் சமைக்கிறாங்களோ, அவங்களேதான் பாத்திரமும் தேய்க்கணும்!"

இரண்டு கைகள். நிறைவேறியது. மனைவி முகம் சுளிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். அதுதான் அவரை யோசிக்க வைத்தது. மகளை நாளைக்கே இவள் தன் பக்கம் இழுத்துவிட்டால்?

தன் அடுத்த முறை வந்ததும் பூட்டைப் போட்டார். "இனிமே எந்த விதியானாலும் மூணு பேரும் ஒத்துக்கிட்டாதான்."

முதலில் உயர்ந்தது மனைவியின் கை. செயலாளர் உச்சி குளிர்ந்துபோய் பேப்பரை விரித்தார்.

மணி பன்னிரண்டரை. சமையலறையில் சத்தமே இல்லை.

"ஏம்மா, அடுப்பு பத்த வைக்கலையா?"

"இல்லீங்க. சமைக்கிறவங்க தேய்க்கணும்னு இருக்கு. நான்தான் சமைக்கணும்னு எங்கே இருக்கு?"

"அது ஊரறிஞ்ச விஷயமாச்சே!"

"நோட்டுல இல்லையே. மூணு தடவை படிச்சுட்டேன்."

"அப்ப இப்பவே கொண்டுவர்றேன். ஞாயிறு சமையல் அம்மா பொறுப்பு!" அவர் கை மட்டும் அந்தரத்தில் நின்றது. "நீயாவது தூக்கேன்டி!"

"தூக்கினாலும் ரெண்டுதானேப்பா" என்றாள் மகள்.

பசி பொறுக்கவில்லை. செயலாளரே கரண்டி பிடித்தார். ஆச்சரியம், சோறு குழையவில்லை, குழம்பு கரிக்கவில்லை. மூவரும் வழித்துச் சாப்பிட்டார்கள். மனைவி இரண்டாம் முறை சோறு கேட்டபோது அவருக்கு உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது. அதே பூரிப்போடு தேய்க்கப் போனார்.

பின்னாலிருந்து மனைவியின் குரல்: "என் முறை வந்தாச்சு. இந்த வீட்டிலேயே கைப்பக்குவம் இவருக்குத்தான், அதனால ஞாயிறு சமையலும் இவருக்கே. ஆதரிக்கிறவங்க?"

முதல் பாதியைக் கேட்டதுமே அவர் கையைத் தூக்கிவிட்டார். ஏகமனதாக நிறைவேறியது, மூன்று கைகளில் ஒன்றில் மட்டும் சோப்பு நுரை.