பின் சீட் இல்லாத மோட்டார் சைக்கிள்

ஆறு மாதமாக நான் ஓட்டித் திரிந்த மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சின் கிடையாது, சக்கரமும் கிடையாது. அது ஒரு சித்திரக் கொப்பிக்குள் இருந்தது. இதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

தினமும் காலையில், அம்பிட்டிய மலைச்சரிவில் பனி விலகுமுன் அதில் ஏறிவிடுவேன். தாழ்ந்த ஹேண்டில், வட்டமான பெரிய லைட், மட்கார்ட் இல்லாத பின் சக்கரம், அதற்கு முன்னால் வெட்டிச் சுருக்கிய பழுப்புத் தோல் சீட். வளைவுகளில் நானும் வண்டியும் ஒன்றாகச் சாய்வோம். காற்றில் என் தலைமுடி பறக்கும். (முன்பக்கம் பறப்பதற்கு அப்போதே அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. கனவில் அதையெல்லாம் யார் கணக்கெடுக்கிறார்கள்?) "சார், இறங்குற இடம் வந்துருச்சு" என்று கண்டக்டர் தோளில் தட்டும்போதுதான் நான் கண்டி பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பது தெரியும். டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை.

கலியாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மனைவி சுமதி முன்பள்ளி டீச்சர். சின்னப் பிள்ளைகளின் கிறுக்கல்களைப் பாராட்டிப் பழகியவள் என்பதால் என் படங்களையும் பாராட்டினாள். நல்ல படங்களைக் கொப்பியிலிருந்து கிழித்தெடுத்து, முன் அறைச் சுவர் முழுக்க அவளே ஒட்டியும் விட்டாள். இனி அந்தப் படங்களில் உள்ளபடி வெட்டி மாற்றுவதற்கு ஒரு பழைய வண்டி கிடைப்பதுதான் பாக்கி.

அது கலகெதரவில் கிடைத்தது. விளம்பரத்தில் இருந்த நம்பருக்குப் போன் எடுத்தால் ஓர் அம்மா பேசினார். பெயர் கமலா. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் மருத்துவிச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி அவருடைய கணவருடையது. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். இறந்து நாலு வருடம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தேன். வண்டி முன் ஹோலில், இரண்டு கதிரைகளுக்கு நடுவில், வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நின்றது. மேலே போர்த்தியிருந்த பூப்போட்ட பெட்சீட்டை அவர் விலக்கினார். கறுப்பு டேங்க். அதில் என் முகம் தெரிந்தது, கொஞ்சம் அகலமாக.

"நெறைய பேரு வந்து பாத்துட்டாங்க தம்பி" என்றார். "ஒருத்தர் பின்னால வெட்டணும்னாரு. இன்னொருத்தர் மட்கார்ட்ட கழட்டி வீசணும்னாரு. எல்லாரையும் டீ குடுத்து அனுப்பிட்டேன். நீங்க என்ன செய்யப் போறீங்க?"

எனக்கும் டீ கொடுத்தாயிற்று. அந்தக் கோப்பையைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது.

"நானா? ஒரு ஸ்க்ரூவக்கூட தொடமாட்டேன் ஆன்ட்டி. தொடைப்பேன். அவ்வளவுதான்."

ஆன்ட்டியின் கண் கலங்கியது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் போட்டார். போட்டு முடித்து உள்ளே போனவர், கையில் ஒரு ஹெல்மெட்டோடு வந்தார்.

"எங்க போறீங்க ஆன்ட்டி?"

"வண்டி இருக்கப்போற எடத்த நான் பாக்க வேணாமா? பாத்துட்டு பஸ்ல வந்துருவேன். வாங்க."

வண்டியை வெளியே இறக்கியதும், சேலையைச் செருகிக்கொண்டு, ஒரு பக்கமாக, பழகிய லாவகத்தோடு ஏறி உட்கார்ந்தார். வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த படங்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்து நின்றன.

ஆனாலும் அந்தப் பயணத்தை என்னால் குறை சொல்ல முடியாது. மிளகுக்கொடி சுற்றிய மரங்கள், திடீரென்று திறந்து மூடும் வயல்கள், ஈரமான மண்வாசனை. எஞ்சின் அவசரமில்லாமல் ஒரே தாளத்தில் பேசிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து ஆன்ட்டி ஏதோ பாட்டை முணுமுணுத்தார். நடுநடுவே பாட்டு நிற்கும். "இந்த மாதிரி வளைவுல அவரு ரெண்டாவது கியர் போடுவாரு தம்பி." நான் போடுவேன். பாட்டு தொடரும். பொய் சொன்னதைக்கூடக் கொஞ்ச தூரம் மறந்து போனேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றது.

பின்னால் நின்ற பஸ்கள் ஹோர்ன் அடித்தன. ஒரு த்ரீவீல்காரர் இறங்கி வந்து, வண்டியைப் பாலத்துக்கு அப்பால் தள்ள உதவினார். நான் உதைத்தேன். நாற்பது முறையாவது உதைத்திருப்பேன். பிறகு, "வீடியோ எல்லாம் பாத்து படிச்சிருக்கேன் ஆன்ட்டி" என்று சொல்லி, பெரிய நிபுணன் மாதிரி ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினேன். (ஒரு ஸ்க்ரூவையும் தொடமாட்டேன் என்று சொல்லி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.) ஊதினேன், துடைத்தேன், திரும்பப் பூட்டினேன். ஆன்ட்டி தண்ணீர் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, எண்ணெய்க் கையோடு சுமதிக்கு அவசரமாக மெசேஜ் அடித்தேன்:

"வண்டிக்கார ஆன்ட்டியும் வர்றாங்க. சுவத்துல உள்ள படத்த எல்லாம் எடுத்து வை. அவசரம்."

பதிலுக்கு ஒரு பெருவிரல் படத்தை அனுப்பினாள். எனக்கு உயிர் வந்தது.

ஆன்ட்டி தண்ணீர்ப் போத்தலோடு திரும்பி வந்து, நான் இன்னும் பத்து முறை உதைப்பதைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, பெட்ரோல ரிசர்வுக்குத் திருப்பினீங்களா?"

திருப்பினேன். ஒரே உதை. எஞ்சின் பேசத் தொடங்கியது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி!"

"வீடியோ எல்லாம் பாத்து படிச்சவர்னு சொன்னீங்க. வேற ஏதோ பெரிய வேல பண்றீங்கன்னு நெனச்சேன்."

வாவியைச் சுற்றி, அம்பிட்டிய ஏற்றத்தில் ஏறி, வீட்டு வாசலில் நிறுத்தினேன். சுமதி நல்ல சேலை உடுத்தி, சிரித்த முகமாக நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவர் வெறுமையாக இருந்தது. எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டே மேசையைப் பார்த்தேன்.

படங்கள் எல்லாம் மேசையில் இருந்தன. வரிசையாக, மடிப்பு நீவி, பறக்காமல் இருக்க ஓரங்களில் டீக்கோப்பைகள் வைத்து. நான் ஒளித்து வைக்கச் சொன்னேன். அவள், விருந்தாளிக்குக் காட்டத் தயாராக எடுத்து வைத்திருந்தாள்.

"உக்காருங்க ஆன்ட்டி" என்றாள். "இதெல்லாம் இவரு வரைஞ்சது. ஆறு மாசமா இதே வேலதான்."

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். இருமினேன். "கண்ணுல தூசியா?" என்று கேட்டுவிட்டு அவள் தொடர்ந்தாள். "இந்தப் பின் பக்கத்த அப்படியே வெட்டிருவாராம். இந்த மட்கார்டும் வேணாமாம். இரும்பு வெட்டுற கிரைண்டர்கூட வாங்கி வச்சிட்டாரு."

ஆன்ட்டி என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார். எனக்கு அங்கேயே தரையோடு தரையாகக் கரைந்து போகலாம் போலிருந்தது. கடைசித் தாளில் அவருடைய விரல் பின் சக்கரத்துக்கு மேலே நின்றது. வண்டியில் வரும் வழியெல்லாம் அவர் உட்கார்ந்திருந்த இடம் அது. தாளில் அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

"இதுல பின்னால ஆள் உக்கார முடியாதா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "முப்பது வருசம் நான் அங்கதான் உக்காந்திருந்தேன்."

நான் அந்தத் தாளை வாங்கக் கை நீட்டினேன்.

சுமதி முந்திக்கொண்டு வாங்கித் தன் பக்கம் திருப்பினாள். அடுத்த தாளை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். அவளுடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போனது.

"ஏங்க," என்றாள், "இதுல நான் எங்க உக்காருவேன்?"

ஆறு மாதம். அத்தனை காலைகள், அத்தனை வளைவுகள், அவ்வளவு மூடுபனி. அத்தனை கனவிலும் நான் தனியாகத்தான் போயிருக்கிறேன். அது அந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

"பொய் சொல்லிட்டேன் ஆன்ட்டி" என்றேன். "வண்டிய திருப்பிக் கொண்டுபோய் விட்டுர்றேன்."

அவர் சுமதியைப் பார்த்தார். சுமதி அவரைப் பார்த்தாள். என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது, இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. டீக்கோப்பைகளை எடுத்தபோது தாள்கள் பறந்து கதிரைகளுக்கு அடியில் போயின. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"வண்டி இங்கயே இருக்கட்டும்" என்றார் ஆன்ட்டி. "சீட்டுல மட்டும் கை வச்சிராதீங்க."

கை வைத்தேன். சுமதி சொன்னபடி பின் சீட்டை இன்னும் அகலமாக்கி, பஞ்சு கூட்டி, சாய்ந்துகொள்ள ஒரு தாங்கியும் போட்டேன். முன் சீட்டை விடப் பின் சீட் சொகுசான மோட்டார் சைக்கிள் கண்டி மாவட்டத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். ஆன்ட்டி வரும்போதெல்லாம் அதில் ஒரு சுற்றுப் போய், கியரைச் சரிபார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

அன்றிலிருந்து வீட்டில் நான் எந்தத் திட்டத்தோடு தாளை விரித்தாலும், அது சமையலறையில் சாமான் அடுக்கும் தட்டாக இருந்தாலும் சரி, கோழிக்கூடாக இருந்தாலும் சரி, சுமதி முதலில் கேட்பது, "இதுல நான் எங்க உக்காருவேன்?" என்றுதான். சொந்தக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கலியாணத்தில், மாப்பிள்ளையிடம் இதை முதலில் கேள் என்று பெண்ணுக்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

போன வாரம் எங்கள் மகள் தரையில் படுத்துக்கொண்டு ராக்கெட் ஒன்று வரைந்தாள். ஆறு வயது. சுமதி எட்டிப் பார்த்து, வாயைத் திறந்தாள்.

"தெரியும் அம்மா" என்றாள் மகள், தலையைத் தூக்காமல். "நீங்க ஜன்னல் பக்கம். கமலா ஆன்ட்டி நடுவுல. அப்பா வெளியில நின்னு உதைக்கணும்."