கிதர் முகம்மதுவின் வேன் கிளம்பிய படலம்

ஆறிய இரும்புக்கு உயிர் ஊட்டுபவனும், மலையெனத் திரண்ட தோளனும், திண்டுக்கல் சீமைச் சாலைகள் யாவும் தன் டயர்த்தடம் தாங்கப் பெற்றவனுமாகிய வேன்காரக் கிதர் முகம்மது வாழ்க! அவன் கைத்தலம் பற்றிய ஹேண்டில் வாழ்க! தை மாதத்து வெண்பனி ஆத்தூர்த் தோட்டங்களை முற்றுகையிட்ட விடியலில் அவ்வீரன் ஆற்றிய பெரும்போரைக் கேட்பீராக.

போருக்குக் காரணம் ஒரு மாலை. அன்று காலை வடமதுரையில் கல்யாணம். மணப்பெண்ணின் தாய்மாமன், ஆத்தூரில் பூ விளைவிக்கும் ஆண்டிச்சாமி. மாமன் மாலை கழுத்தில் விழாமல் பெண் மேடையேற மாட்டாள். மாலையையும் ஆண்டிச்சாமியையும் அவன் மனைவி மாயம்மாளையும் முகூர்த்தத்துக்குள் சேர்ப்பதாக வாக்களித்து, முதல் நாளே வந்து அவர்கள் வீட்டில் கம்பளிக்குள் துயின்ற கிதர் முகம்மது, எழுந்து பிஸ்மி சொல்லி, எஞ்சினை உசுப்பும் ஹேண்டிலை வேனின் முகப்பில் செருகிச் சுழற்றினான். வேன் யானையென ஒருமுறை செருமியது, அடங்கியது.

பின்னர் நிகழ்ந்ததை என்னென்பது! கோட்டைக் கதவெனப் பானெட் திறந்தது. ரேடியேட்டருக்கு வெந்நீர்க் குடங்கள் வந்தன. பம்புசெட் எஞ்சினை அடக்கியாளும் பக்கத்துத் தோட்டத்துப் பொம்மையன், போர்வையே கவசமாய்த் தோன்றி, பிளக்குகள் விறைத்துவிட்டன என்று தீர்ப்புரைத்தான். அவை தென்னமட்டைத் தீயில் வாட்டப்பட்டன. பெட்ரோலில் பனித்தண்ணீர் கலந்ததென்றான் ஆண்டிச்சாமி. கிதர் முகம்மது எஞ்சினுக்குப் போகும் குழாயில் வாய்வைத்து ஊதி, பெட்ரோலைச் சுவைத்து, நெடுநேரம் துப்பினான். மூவரும் தோள்கொடுத்துத் தள்ள, வேன் எருக்குழி வரை சென்று நின்றது. ஹேண்டில் திருப்பி உதைத்ததில் வீரனின் கட்டைவிரல் வீங்கியது. கிழக்கும் வெளுத்தது.

ஆண்டிச்சாமி மாலையை மடியில் வைத்து வேன் படியில் உட்கார்ந்தான். "பிள்ள அழுதுக்கிட்டு நிக்கும் பாய்" என்றான். வாக்குக் கொடுத்த கிதர் முகம்மது வீங்கிய விரலோடு மீண்டும் ஹேண்டிலைப் பற்றினான்.

அப்போது பட்டுச்சேலை உடுத்தி மாயம்மாள் வந்தாள். பனிக்கு இரு காதிலும் பஞ்சு அடைத்திருந்ததால் போர்முழக்கம் எதுவும் அவளை எட்டியிருக்கவில்லை.

"பாய், பஞ்ச எடுத்தாச்சுல்ல?" என்றாள்.

எந்தப் பஞ்சு என்று மூவரும் கேட்டனர். இரைந்து மறுபடியும் கேட்டனர்.

"பின்னாடி குழாயில வச்சது. நீங்க கம்பளிக்குள்ள படுத்துக்கிட்டீக, உங்க வண்டி வெட்டவெளியில நின்னுச்சு. காத அடைச்சு விடலாம்னு பாத்தா, சுத்திச் சுத்தித் தேடியும் அதுக்கு ஒரு காதுதான் இருந்துச்சு. என் தலகாணியப் பிரிச்சு, மேல பழந்துணி வச்சு இறுக்கிட்டேன்."

பொம்மையன் போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டான். கூறுகெட்டவளே என்று எழுந்தான் ஆண்டிச்சாமி. சினம் மூண்டு ஹேண்டிலைக் கதாயுதமென ஓங்கிய கிதர் முகம்மதுவுக்கு அந்தத் தலையணை நினைவில் தட்டியது. ஓர் இரும்பு வண்டிக்குக் குளிருமே என்று, தலைக்கு ஏதுமின்றி ஒருத்தி இரவெல்லாம் படுத்திருக்கிறாள். இவ்வளவு இரக்கத்தை ஒரு நெஞ்சில் வைத்தவன் இறைவனன்றி யார்? ஹேண்டில் தாழ்ந்தது.

"அவுகள வையாத அப்பு" என்றான். "இம்புட்டு வருசத்துல என் வண்டிக்குக் குளிருமான்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

பஞ்சு உருவப்பட்டது. ஒரே சுழற்சி! இடியேறு முழங்க, எஞ்சிய பஞ்சு வெற்றிக்கொடியாய்ப் பறக்க, காக்கைகள் சிதற, தென்னந்தோப்புகள் வழிவிட, திண்டுக்கல் மலையும் ஒதுங்கி நிற்க, பனிக்கடலைப் பிளந்த கலமெனப் பாய்ந்து, வாக்குத் தவறா அவ்வள்ளல் ஹாரன் அதிர வடமதுரைப் பந்தலை அடைய, மாமன் மாலை மணமகள் கழுத்தில் விழுந்தது.

அதில் கொஞ்சம் கிரீஸ் ஒட்டியிருந்தது.