பட்டினி போடுவது என் தொழில்

இன்று முதல் என் வேலையைப் பற்றி வீட்டில் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சாதாரண முடிவல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த முடிவு. பதினெட்டு வருடம் ஆய்வகத்தில் கற்ற வித்தையை ஒரே ஒரு காலை நேரத்தில் மனைவியிடம் உளறிக் கொட்டினேன். அவள் அதை என் மேலேயே பிரயோகம் செய்துவிட்டாள். இந்த அநியாயத்தைக் கேட்க வீட்டில் ஆளில்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

பால் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. என் பொறுப்பில் ஒரு கண்ணாடிப் பாத்திரம். அதற்குள் பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள், கோடிக்கணக்கில். மேலே ஒரு குழாய். அதிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்பதை முடிவு செய்வது நான். தாராளமாக விட்டால் அவை ஒரு மாதிரி நடந்துகொள்ளும், இறுக்கிப் பிடித்தால் வேறு மாதிரி. அதைப் பார்த்துப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், பட்டினி போடுவது என் தொழில். என் மனைவி மின்சார அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர். திருட்டு மின்சாரம் எடுப்பவர்களைப் பிடிப்பது அவள் தொழில்.

மூன்று மாதத்துக்கு முன் எனக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. சர்க்கரை கோட்டைத் தாண்டிவிட்டதாம். ரத்தம் என்னுடையது. ஊசி குத்தியது எனக்கு. ஆனால் டாக்டர் ரிப்போர்ட்டை நீட்டியது அவளிடம்! என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். மறுநாள் காலை காபியை வாயில் வைத்தேன். கஷாயம்.

"என்ன இது, சர்க்கரையே இல்ல?"

"இனிமே கிடையாது. நானும் போட்டுக்கல, போதுமா?"

"திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்குமா?"

"ஏன் தாங்காது? உங்க ஆபீஸ் பூச்சிங்க தாங்கல?"

"பூச்சி இல்ல. பாக்டீரியா."

"சரி, பாக்டீரியா. சர்க்கரையைக் குறைச்சா செத்தா போயிடுது?"

இங்கேதான் சறுக்கினேன். தொழில் கர்வம் என்று ஒன்று இருக்கிறதே!

"அதுவாவது சாகறதாவது! எமகாதகப் பய அது. சர்க்கரை கொட்டிக் கிடந்தா அவசர அவசரமா முழுங்கும். எல்லாத்தையும் லாக்டிக் அமிலமாக்கி வெளிய தள்ளிடும். சரியான ஊதாரி. சொட்டைக் குறைச்சு பாரு, புத்தி வந்துடும். செரிக்கிற வழியையே மாத்திக்கும். வினிகர்ல இருக்கிற அமிலம், எறும்பு கடிச்சா எரியுதே அந்த அமிலம், கொஞ்சம் சாராயம்னு தினுசு தினுசா வெளிய விடும். ஆனா அதே ஒரு துளி சர்க்கரைல முன்னவிட அதிகமா சக்தியப் பிழிஞ்சு எடுத்துடும். அதுவும் பத்தலைன்னா, வேற தினுசு சர்க்கரை பக்கத்துல எங்க இருக்குன்னு தேடும்."

"அதாவது கொட்டிக் கொடுத்தா ஊதாரி. அளந்து கொடுத்தா சமர்த்து."

"அப்படித்தான்னு வெச்சுக்கோயேன்."

"நீங்க அளக்கறீங்கன்னு அதுக்குத் தெரியுமா?"

"அதுக்கு எப்படித் தெரியும்? தானே சாமர்த்தியமா தேடிக்கிட்டதா நெனச்சுக்கும், பாவம்."

"ஓ" என்றாள். அந்த 'ஓ'வில் நான் எச்சரிக்கை ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அப்போதே ஒரு ஒப்பந்தமும் போட்டோம். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. சர்க்கரை இறங்கியிருந்தால் எனக்குத் தினம் இரண்டு ஸ்பூன் திரும்பக் கிடைக்கும். இறங்காவிட்டால் ஆயுள் முழுக்கக் கஷாயம். கை குலுக்கினோம்.

முதல் வாரம் நான் மனிதனாகவே இல்லை. செருப்பைக்கூட முறைத்தேன். இரண்டாவது வாரம் என் பாக்டீரியாவைப் பார்த்து ரோஷம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று மாற்று வழி தேடுகிறது, எனக்கு என்ன குறைச்சல்? தொழிற்சாலை கேன்டீனுக்குப் போய் இரண்டு ஸ்பூன் போட்டு ஒரு காபி கேட்டேன்.

"வீட்டுல அம்மா போன் பண்ணிட்டாங்க சார்" என்றார் கேன்டீன்காரர். "சர்க்கரை போட்டா எங்க மீட்டரை வந்து பாக்கறேன்னாங்க."

சர்க்கரை கேட்டுப் போனால், எதிர்வீட்டுத் தையல்காரர் கதவைத் திறக்கும்போதே கையெடுத்துக் கும்பிட்டார். அவர் வீட்டிலும் மீட்டர் இருக்கிறது.

மூன்றாவது வாரம்தான் அதிர்ஷ்டம் அடித்தது. தரை துடைக்கும் வாளிக்குப் பின்னால் ஒரு குட்டி டப்பா. திறந்தால் சர்க்கரை! சரியாக ஒரு ஸ்பூன். எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. "நானும் போட்டுக்கல" என்று சத்தியம் செய்யாத குறையாகப் பேசினாளே, அவள் தனக்காக ஒளித்து வைத்திருக்கிறாள்! சட்டென்று வாயில் கொட்டிக்கொண்டேன். காலடிச் சத்தம் கேட்டது. வாளியை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே தரையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அட, நீங்களா துடைக்கிறீங்க?"

"தூசியா இருந்துச்சு" என்றேன் கம்பீரமாக. வாயில் இனிப்பு, மனசில் வெற்றி. டப்பா காலி என்பதை அவள் பார்ப்பாள், ஆனால் கேட்க முடியாது. கேட்டால் அவள் குட்டு வெளிப்பட்டுவிடும். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே மலைப்பாக இருந்தது.

மறுநாள் டப்பா அந்த இடத்தில் இல்லை. இடம் மாற்றிவிட்டாள். விடுவேனா? மோப்பம் பிடித்து, அழுக்குத் துணிக் கூடையின் அடியில் கண்டுபிடித்தேன். மறுபடியும் ஒரு ஸ்பூன். கூடையைக் கலைத்தது தெரியக்கூடாது என்று துணியை எல்லாம் துவைத்துப் போட்டேன். அடுத்து பரணில், பழைய பேப்பர் கட்டுகளுக்கு நடுவில். பரணை ஒழித்தேன். அப்புறம் ஜன்னல் மேல் விளிம்பில். ஒன்பது ஜன்னல், எந்த ஜன்னல் என்று தெரியாது; ஒன்பதையும் துடைத்தேன். அவள் ஒளிக்க ஒளிக்க நான் எடுத்தேன். பாவம், இவளுக்கு ஒளிக்கத் தெரியவில்லையே என்று ஒரு நாள் பரிதாபம்கூடப் பட்டேன்.

மூன்று மாதம் ஓடியது. பரிசோதனை நெருங்கியது. தினம் ஒரு ஸ்பூன் திருடியிருக்கிறேனே! ஆயுள் தண்டனை நிச்சயம் என்று நினைத்தேன். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் சர்க்கரை இறங்கியிருந்தது. இறங்கியிருந்தது என்றால், கோட்டுக்கு நன்றாகக் கீழே. சந்தோஷத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே விசிலடித்தேன். வீட்டுக்கு வந்ததும் ரிப்போர்ட்டை மேஜையில் அறைந்தேன்.

"பாத்தியா? இப்ப ஒண்ணு சொல்றேன், மயக்கம் போட்டுடாத. உன் டப்பா சர்க்கரைய தினமும் தின்னது நான்தான்!"

அவள் மயக்கம் போடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தாள்.

"தெரியும். தினம் நான்தானே போட்டு வெச்சேன்?"

"என்னது?"

"ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன் வரைக்கும் பரவாயில்லைன்னு டாக்டர் அன்னைக்கே சொன்னார். அத காபில போட்டா உக்காந்த எடத்துலயே குடிச்சிட்டு பேப்பர் படிப்பீங்க. டப்பாவுல போட்டா வீட்டத் துடைக்கிறீங்க. இந்த மூணு மாசத்துல ஆறு கிலோ இறங்கியிருக்கீங்க. சும்மாவா சர்க்கரை குறையும்?"

மானம், மரியாதை எல்லாம் ஒரே நேரத்தில் கொதித்தன.

"அப்ப நான் ஒரு கண்ணாடிப் பாத்திரம்! நீ மேலேர்ந்து சொட்டு விடற! கட்டின புருஷன இப்படியா நடத்துவ?"

"திருட்டு கரண்ட் எடுக்கறவனக்கூட நான் பாத்த உடனே பிடிக்க மாட்டேங்க. எவ்வளவு எடுக்கறான்னு கொஞ்ச நாள் பாப்பேன். உங்களுக்கும் அதே மரியாதைதான் குடுத்தேன்."

"இதெல்லாம் அக்கிரமம். எனக்கு எந்த விளக்கமும் வேணாம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். சர்க்கரை இறங்கிடுச்சு. தினம் ரெண்டு ஸ்பூன் எனக்கு வந்தாகணும். இப்பவே."

"கண்டிப்பா. டாக்டர்கிட்டயும் போன்ல கேட்டுட்டேன். இந்த ரிப்போர்ட்டுக்கு ரெண்டு ஸ்பூன் தாராளமா போட்டுக்கலாம்னார்."

முதல் முறையாக இந்த வீட்டில் நியாயம் ஜெயித்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அலமாரியில் இல்லை. மேடையில் இல்லை. வாளிக்குப் பின்னால், கூடைக்கு அடியில், பரணில், எங்கும் இல்லை.

"எங்க வெச்சிருக்க?" என்று கத்தினேன்.

"மொட்டை மாடில, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி" என்று குரல் வந்தது. "போகும்போது பிரஷ்ஷ எடுத்துட்டுப் போங்க, பாசி வழுக்கும். ரெண்டு ஸ்பூன் இல்லையா, அதனால ஒண்ணு நம்ம தொட்டிகிட்ட, இன்னொண்ணு தையல்காரர் வீட்டுத் தொட்டிகிட்ட."